நான் விட்டுவிட்ட 'லா'

காலை 9.40. பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்துவந்து, சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயிலேறினேன். முதியோர் சலுகையில் பாதிக் கட்டணம். எனக்கெல்லாம் எதற்குச் சலுகை என்று எரிச்சலாக இருந்தது. மடியில் ஒரு கோப்பு, அதில் ஒரே கடிதம்.

இராணுவ விமானங்களைப் படையில் சேர்க்கும் முன் சோதிக்கும் பிரிவில் அறிக்கை எழுதியவன் நான். சோதனை விமானி ராஜன் ஒருநாள் ஒரு பயிற்சி விமானத்தை ஓட்டிவிட்டு இறங்கினார். வேகம் குறைத்து இடப்பக்கம் திருப்பினால் இயக்கும் பிடி இறுகுகிறது என்றார். ஏற்கலாமா என்று கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "போலே லா" என்றார்.

மலாயில் 'போலே' என்றால் முடியும். அதன் வாலில் 'லா' ஒட்டினால் பொருளே வேறு: நான் சமாளிப்பேன், ஆனால் இது சரியில்லை. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்படித்தான் முதலில் எழுதினேன். மேலதிகாரி சிரித்தார். "ஒரு லாவுக்காக விமானத்தத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

'ஏற்கத்தக்கது' என்று மாற்றினேன். அதிகாரிகள் மூன்று பேர் படிக்காமலே கையெழுத்திட்டார்கள்.

10.15. சுபாங் ஜெயா. கல்லூரிப் பிள்ளைகள் ஏறினார்கள். அந்த வயதுடைய பயிற்சி விமானி ஒருவன் பிற்பாடு அதே இடப்பக்கத் திருப்பத்தில் விழுந்தான். உயிர் பிழைத்தான், ஆனால் மறுபடி நடக்கவில்லை. விசாரணையில் என் அறிக்கையைக் காட்டி, சோதித்தவரே ஏற்றுக்கொண்டார் என்றார்கள். ராஜனைப் பறக்க விடாமல் நிறுத்தினார்கள். கையெழுத்திட்ட மூவருக்கும் பதவி உயர்வு. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது.

10.45. கிள்ளான். ராஜன் வீடு இருக்கும் தாமான் குடியிருப்புக்கு டாக்சி பன்னிரண்டு ரிங்கிட். நான் கோப்பை அணைத்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர், "வீட்டு கிராண்ட் பத்திரமா அங்கிள்? நான் ஒண்ணும் புடுங்கிட மாட்டேன் லா" என்றார்.

ராஜன் இப்போது ஒரு லோரி நிறுவனத்தில் வண்டிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார். என்னை உட்காரச் சொன்னார். ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. கடிதத்தை நீட்டினேன். விசாரணை நடத்திய அலுவலகத்துக்கு எழுதியது: விமானியின் சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டதால் அறிக்கையில் பிழை நேர்ந்தது, அவர் மீது குற்றமில்லை.

இரண்டு முறை படித்தார்.

"இது போதுமா, ராஜன்?"

கண்ணாடியைக் கழற்றினார். "போலே லா, சார்."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பிற்பகல் 1.10. திரும்பும் ரயில். 'தவறாகப் புரிந்துகொண்டதால்' என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: 'சரியாகப் புரிந்துகொண்டேன். தெரிந்தே மாற்றி எழுதினேன்.' சென்ட்ரலில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே தபால் நிலையத்துக்கு நடந்தேன்.