அத்தி மரத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் கொல்லையில் நிற்கும் அத்தி மரம் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அம்மாவுக்குக் கல்யாணமான புதிதில், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து வீட்டில் தானாக முளைத்த கன்று ஒன்றை வேர் மண்ணோடு சாக்கில் கட்டி, ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. சீர்வரிசையாக வந்ததில் வளர்ந்தது அது ஒன்றுதான் என்று அப்பா கேலி செய்வார்.

நன்றாகவே வளர்ந்தது. நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது அது எங்கள் வீட்டையும், ஒட்டினாற்போலிருந்த பெரியப்பா வீட்டையும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் இலை மிதக்கும். பழம் தின்ன வந்த வௌவால்கள் பெரியப்பா வீட்டுச் சுவருக்குத் தங்கள் இஷ்டப்படி வர்ணம் பூசின. பெரியப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் ஒரு கறை இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதையும் பொறுத்தார். ஆனால் ஒரு கிளை வளர்ந்து டிவி டிஷ்ஷை மறைத்து, கிரிக்கெட் மேட்ச்சின் கடைசி ஓவரில் படம் அப்படியே நின்றுவிட்டதைப் பொறுக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் காலையில் கொல்லையில் நின்றபடியே அப்பாவைக் கூப்பிட்டார். "ஏலே, ஞாயித்துக்கெழம இத வேரோட வெட்டிருவோம். கோடாலிய தீட்டி வையி."

"சரிண்ணே" என்றார் அப்பா.

அப்பாவுக்குத் தன் அண்ணனிடம் பேசத் தெரிந்த ஒரே வார்த்தை அது. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால், பெரியப்பா பட்டாளத்திலிருந்து அனுப்பிய சம்பளத்தில்தான் அப்பா படித்தார். மில்லில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அப்படிப்பட்ட அண்ணனிடம் மரம் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? சமையல்கட்டில் அம்மாவுக்குப் பதிலாகப் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஏறி உட்காருவது அந்த மரத்தின் கவட்டையில். நான் சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டேன். ஒரு வேளைக்கு மேல் முடியவில்லை என்பது வேறு விஷயம். அம்மா யாருக்கும் தெரியாமல் மாமாவுக்குப் போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோடாலி பளபளவென்று மின்னிக்கொண்டு வெளியே வந்த நேரத்தில் மாமாவும் வந்து சேர்ந்தார். நெற்றி நிறைய திருநீறு. கையில் ஒரு தட்டு. தட்டில் வாழையிலையில் மடித்து நூல் சுற்றிய இரண்டு பொட்டலங்கள்.

"பெரியத்தான், பச்ச மரம். கேக்காம வெட்டப்படாது. எங்க வைத்தியநாதர் காலடியில பூக்கட்டி வச்சு எடுத்தாந்திருக்கேன். செவ்வரளி வந்தா வேரோட வெட்டிருங்க. வெள்ள நந்தியாவட்ட வந்தா கெளைய மட்டும் கழிச்சு விட்டுருங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தில் முடிவெடுக்க முடியாவிட்டால் இப்படித்தான் இரண்டு நிறப் பூவை மடித்துச் சாமி முன்னால் வைத்து, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் தீர்ப்பு. அதற்கு மேல் யாரும் பேச முடியாது.

"கட்டுனது யாரு மாப்ள?" என்றார் பெரியப்பா.

"குருக்கள்தான் பெரியத்தான்."

பெரியப்பா செத்த நேரம் மாமாவையே பார்த்தார். மாமா மரத்தைப் பார்த்தார். "சரி, பிள்ள எடுக்கட்டும்" என்று பெரியப்பா கோடாலியைக் கீழே வைத்தார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அம்மா பிரித்தாள். வெள்ளை! அம்மா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மரத்தை நானே காப்பாற்றிவிட்டதாக எனக்குத் தலை கால் புரியவில்லை.

பிறகு நாள் முழுக்க வேலை. அப்பா மேலே, பெரியப்பா கீழே. "அடியில ஒரு வெட்டுப் போட்டுட்டு மேல அறுலே, இல்லைனா பட்டை உரிஞ்சிரும்" என்று பெரியப்பா போர்க்களத்தில் நிற்பது போலக் கத்தினார். கிளைகளைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். செவ்வெறும்பு கடித்து அப்பா துள்ள, மாமா சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பால் வடிந்த இடங்களில் பெரியப்பாவே சாணியைக் குழைத்துப் பூசினார். அத்தி காய்ப்பது அடிமரத்திலும் பெருங்கிளையிலும்தான். அதனால் தலையைக் குறைத்தும் பழம் குறையவில்லை. சாயங்காலம் மாடியில் ஏறிப் பார்த்தால் சஞ்சீவி மலை முழுசாகத் தெரிந்தது. டிவியும் தெரிந்தது.

இன்றும் வருடா வருடம் மரத்தைக் கழித்து விடுகிறோம். பெரியப்பா இப்போது இல்லை. போன முறை கிளை இறக்கும்போது மாமா என் காதோடு சொன்னார்: "ரெண்டு பொட்டலத்துலயும் நந்தியாவட்டதாம்ட்டி. குருக்களும் இல்ல, ஒருத்தரும் இல்ல, நானே கட்டுனது. பட்டாளத்துக்காரரையே ஏமாத்திப்புட்டேன்லா!"

மாமாவுக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவள். ஆனால் அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அன்று பூ வந்ததும் அவர் அப்பாவோடு ஏணி எடுக்க முன்பக்கம் போய்விட்டார். தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து, செவ்வரளியைப் பார்க்கும் ஆசையில் நான் நூலைப் பிரிக்கப் போனேன். பெரியப்பா வெடுக்கென்று அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அத்திப்பழத்தயும் சாமி பொட்டலத்தயும் புட்டுப் பாக்கப்படாதுட்டி" என்றார், அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

மரத்தைக் காப்பாற்றிய எனக்கு ஒரு பூவைக்கூடக் கொடுக்க மனம் வராத மனிதர் என்று எனக்கு ஒரே ஆத்திரம். அந்த வாரம் முழுக்க நான் அவரிடம் பேசவே இல்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.