தம்பி மூச்செடுக்கும் இடம்

நடனப் பள்ளியில் பியானோ வாசிக்கும் அக்காவுக்குச் சக ஆசிரியைகள் வைத்த பெயர் 'பத்துவிரல் பட்டாளம்'. ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் இசையை ஒற்றைப் பியானோவில் கொண்டுவந்துவிடுவார். அவருடைய தம்பி நகர ஆர்க்கெஸ்ட்ராவில் ஹார்ன் ஊதுபவர். வண்டி ஹார்ன் இல்லை. வளையமாகச் சுருண்ட பித்தளைக் குழல். திடீரென்று முகவாதம் வந்து அவருடைய உதடு ஒரு பக்கம் கோணிப்போனது. ஒரு சிம்பொனியில் அவர் தனியாக ஊதவேண்டிய பகுதி வேறொருவர் கைக்குப் போயிற்று. தம்பி அறைக்குள்ளேயே முடங்கிவிட்டார்.

அக்கா ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அறுபது பேர் வாசிக்கும் அந்த சிம்பொனியைப் பியானோவுக்கு மாற்றி எழுத உட்கார்ந்தார். எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் மண்டையைக் குடைந்தது. நான்கு மாதம் பிடித்தது. ஒரு ஞாயிறு காலை, தம்பியின் அறைக்கதவைத் திறந்துவைத்துவிட்டு, கூடத்தில் வாசித்தார்.

தம்பி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"என் பகுதிய எந்த விரல்லக்கா வச்சிருக்கே?"

"இடது கட்டைவிரல்லடா. இருக்கறதுலயே பலமான விரல் அதுதான்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நீளமான வரியில நிக்காம ஓடறே. நடுவுல நான் மூச்செடுப்பேன்."

பியானோவுக்கு மூச்சு எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டு மறுபடி வாசித்தார். கோடு வந்ததும் கட்டைவிரலை இம்மியளவு தூக்கினார். தம்பி, கோணிய உதட்டோடு, மூச்சை இழுத்துக்கொண்டார்.