அழுத தாயும் அழாத செல்லியம்மாவும்

நாகபூஷணம் அண்ணன் எழுதியதை வாசிக்காமல் திருப்பதி பஸ் ஸ்டாண்டைக் கடந்து போனவர்கள் குறைவு. அவர் பெயரைத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. காணவில்லை நோட்டீசில் எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் எங்கும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் சுரேஷ்பாபுவின் அச்சுக்கடை இருக்கிறது. தெலுங்கு வேலையை சுரேஷ்பாபு பார்ப்பார். தமிழ் வேலை எல்லாம் நாகபூஷணம் அண்ணனுடையது. நகரி, புத்தூர், வேலூர், திருவள்ளூர் என்று தமிழ் ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிற ஊர் என்பதால் அவருக்கு ஓய்வு கிடையாது. ஒன்பது வருடமாக அங்கே காகிதம் வெட்டுவது, லேமினேஷன் போடுவது, நோட்டீஸ் ஒட்டுவது என் வேலை.

அண்ணன் சத்தியவேடு பக்கத்து விவசாயக் குடும்பம். பத்தாவது முடித்ததும் கதை எழுதிச் சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்ப ஆரம்பித்திருக்கிறார். பதினோரு கதைகள் திரும்பி வந்தன. பத்துக் கதைகளோடு வெறும் அச்சடித்த சீட்டு. ஒன்றில் மட்டும் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "முதல் பக்கத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. யார் இரண்டாம் பக்கத்தைத் திருப்புவார்கள்?" அந்தச் சீட்டை அவர் தூக்கிப் போடவில்லை. கதை எழுதுவதை விட்டார். ஆனால் முதல் வரியை விடவில்லை. கிருகப்பிரவேசப் பத்திரிகைக்குக்கூட முதல் வரியை நாலுமுறை மாற்றுவார். ஒரு டியூஷன் சென்டர் நோட்டீசுக்கு, 'இதை உங்கள் மகள் கண்ணில் காட்டாதீர்கள்' என்று ஆரம்பித்தார். வாங்கிக் கசக்கிப் போடுகிற நோட்டீசை ஜனங்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

பார்ப்பதும் என் வேலைதான். நோட்டீசை ஒட்டியதும் நான் திரும்பி வரக்கூடாது. அரைமணி நேரம் ஓரமாக நின்று, படிக்கிறவர்களைப் படிக்க வேண்டும். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஏழாவதோடு நின்றவள். நான் ஓரிடத்தில் நின்றால் யாரும் என்னைக் கவனிக்கமாட்டார்கள். கடைக்கு வந்ததும் அண்ணன் கேட்பார்:

"எத்தினி பேரு நின்னாங்க?"

"முப்பது பேர்ல பன்னெண்டு பேருண்ணா."

"எந்த வரியில கழண்டுக்கினாங்க?"

மூன்றாவது வரி என்றால் மூன்றாவது வரியை மாற்றுவார். பெயரை மேலே போட்டால், பெயரைப் பார்த்துவிட்டு நமக்குத் தெரியாதவர் என்று போய்விடுகிறார்கள். பெயரைக் கடைசியில் வைத்தால் அதைத் தேடிக்கொண்டு கீழே வரைக்கும் வருகிறார்கள். கேள்வியில் ஆரம்பித்தால் நிற்கிறார்கள். 'வயது ஐந்து, மாநிறம்' என்பதற்கு யாரும் நிற்பதில்லை. 'ஒரு காலில் மட்டும் சிவப்புச் செருப்பு' என்றால் நிற்கிறார்கள். அந்தச் செருப்புக் குழந்தை அன்று மாலையே கிடைத்தது. இவையெல்லாம் அவர் புத்தகத்தில் படித்தது பாதி, நான் நின்று பார்த்துச் சொன்னது பாதி.

போன பங்குனியில் ஒரு புதன்கிழமை காலையில் மோகன்ராஜ் வந்தார். நகரியில் பவர்லூம் தறி வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். முந்தின நாள் அம்மாவைத் திருமலைக்கு அழைத்துப்போய் முடி காணிக்கை கொடுத்து, தரிசனம் முடித்துக் கீழே இறங்கியிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் அம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கப் போனவர், திரும்பி வந்தபோது அம்மா இல்லை. அம்மா பெயர் செல்லியம்மா. வயது அறுபத்தெட்டு. ஒரு வருடமாக மறதி. ஊர் பெயர், மகன் பெயர் எல்லாம் சில நேரம் வரும், சில நேரம் வராது.

"அழுதுக்கினு இருப்பாங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"எங்கம்மாவா? அதுக்கு அழவே தெரியாதுண்ணா. எங்க நைனா செத்தப்போ, பாடை கட்டறவன் கோணலா கட்டறான்னு அவனைத் திட்டிக்கினு இருந்துச்சு."

சொல்லிவிட்டு மோகன்ராஜ்தான் அழுதார். அண்ணன் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் எழுதியது இது:

'ஒரு தாய் இந்த ஊரில் அழுதுகொண்டிருக்கிறாள்.

நேற்று இங்கேதான் அவள் தன் மகனைத் தொலைத்தாள்.

வருகிறவர் போகிறவர் முகத்தையெல்லாம் பார்த்து, நீதானா என் பிள்ளை என்று கண்ணீரோடு கேட்கிறாள்.

உங்களையும் அவள் கேட்டிருக்கலாம்.'

அதற்குக் கீழே படம். படத்துக்கும் கீழே பெயரும் போன் நம்பரும். செல்லியம்மா தன் மகளின் கல்யாணத்தில் எடுத்துக்கொண்ட படம் அது. கொண்டை போட்டு, பூ வைத்து, பட்டுச்சேலையில் இருந்தார்.

சுரேஷ்பாபு எட்டிப் பார்த்தார். "மொட்டை அடிச்சிருக்காங்கன்னு போடலையாண்ணா?"

"திருப்பதியில மொட்டைன்னு போட்டா எவன் நிப்பான்? கண்ணைத் தெறந்தா நூறு மொட்டை. வரி வீணாப்போவும்."

அச்சடித்த முதல் தாளை மோகன்ராஜ் கையில் கொடுத்தார்கள். அவர் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுங்கண்ணா" என்றார். செல்லியம்மாவுக்கு அழத் தெரியாது என்று மகன் சொன்னதை நானும் கேட்டேன். தாளை வெட்டும்போது அந்த வரியையும் படித்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்து என்பது எழுதத் தெரிந்தவர்களுடைய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருநூறு ஒட்டினோம். முப்பது பேரில் இருபத்தாறு பேர் நின்றார்கள். ஒருவர்கூட நடுவரியில் நழுவவில்லை. கோவிந்தராஜர் கோயில் தெருவில் ஒரு பெண் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். காலேஜ் பிள்ளைகள் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான் வந்து கணக்குச் சொன்னதும் அண்ணன் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, "இருபத்தாறா?" என்று இன்னொரு தரம் கேட்டுக்கொண்டார்.

போன்களும் வந்தன. ரேணிகுண்டாவில் ஒரு கிழவி அழுகிறாள், காளஹஸ்தியில் ஒரு கிழவி அழுகிறாள் என்று சொன்னார்கள். மோகன்ராஜ் ஒவ்வொன்றுக்கும் ஓடினார். ஒவ்வொரு இடத்திலும் வேறு யாரோ ஒரு அம்மா வேறு எதற்கோ அழுதுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, கிழிந்துபோன இடங்களில் புது நோட்டீஸ் ஒட்டப் போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கரண்ட் கம்பம். அதை ஒட்டினாற்போல் கங்கம்மாவின் இட்லி வண்டி. கங்கம்மா புத்தூர்க்காரி. இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே கேட்டாள்:

"இன்னாம்மா, இன்னுமா கெடைக்கல அந்த அழுவற அம்மா? பாவம். எங்க வண்டிக்கும் ஒரு கெழவி வந்துச்சு, வியாழக்கெழமையிலேர்ந்து மூணு நாளு. ஆனா அது அழற ஜாதி இல்ல, அழ வைக்கிற ஜாதி."

நான் பசை வாளியைக் கீழே வைத்தேன்.

"மொட்டைத் தலை, சந்தனம் பூசிக்கினு. நாலு இட்லி துன்னுட்டு, சட்னியில உப்பில்லன்னு என்னையே திட்டும். அப்புறம் அதுவா உக்காந்து தட்டு கழுவும். நான் கழுவுனது சுத்தமில்லையாம்! நேத்துலேர்ந்து காணோம்."

கம்பத்தில் இருந்த நோட்டீசுக்கும் அந்தக் கிழவி தட்டுக் கழுவிய இடத்துக்கும் நடுவே நாலு அடிகூட இல்லை.

எனக்குக் கடையில் போய் இதைச் சொல்ல வாய் வராது என்று தெரிந்தது. கங்கம்மாவின் கையைப் பிடித்து, "நீயே வந்து சொல்லுக்கா" என்றேன். வண்டியைப் பக்கத்துப் பழக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாள். அண்ணன் எதிரில் நின்று, என்னிடம் சொன்னதையே சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"பேரு கேட்டியா?" என்றார் அண்ணன்.

"கேட்டேனே. பேரு தெரிஞ்சாத்தான் இட்லி வைப்பியாடின்னுச்சு."

"நோட்டீசு உன் வண்டிகிட்டயே இருந்துச்சே, படிக்கலையா?"

"தெனமும் படிக்கிறேண்ணா. எம் பொண்ணுகூட படிச்சிட்டு அழுதுச்சு. அதனாலதான் அந்தம்மா வேற, இந்தம்மா வேறன்னு விட்டுட்டேன். நோட்டீசுலதான போட்டிருக்கு, அழுதுக்கினு புள்ளையைத் தேடுறாங்கன்னு? இது யாரையுமே தேடல."

கங்கம்மா அவரைக் குற்றம் சொல்லவில்லை. எழுதியவர் அவர்தான் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மோகன்ராஜிடம் போனில் விசாரித்தோம். கங்கம்மா சொன்ன மூக்குத்தி, இடதுகை விரல் வளைவு எல்லாம் ஒத்துப்போயிற்று. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரேஷ்பாபு, "போனீலே அண்ணா, மனகேம் தெலுசு" என்று, போகட்டும், நமக்கென்ன தெரியும் என்கிற மாதிரி தோளைத் தட்டினார். அண்ணன் அந்தக் கையை எடுத்து விட்டார்.

"தெரியும் சுரேஷு. அந்தம்மா அழாதுன்னு மோகன்ராஜு என்கிட்ட சொன்னான்."

அன்று பத்து நிமிடத்தில் வேறு ஒன்று எழுதினார். எழுதியபின் ஒரு வரியையும் மாற்றவில்லை.

'செல்லியம்மா, நகரி. வயது 68. செவ்வாய்க்கிழமை முதல் காணவில்லை. தலை மொட்டை. பச்சை நூல்சேலை. படத்தில் இருப்பதுபோல் இப்போது இருக்கமாட்டார். அழமாட்டார், திட்டுவார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்பார். பெயர் கேட்டால் சொல்லமாட்டார். பார்த்தால் உட்காரவைத்துவிட்டுப் போன் செய்யுங்கள்.'

முப்பது பேரில் எத்தனை பேர் நின்றார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் எண்ணவில்லை. அவர் தகரத் தகட்டை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் பழைய நோட்டீசுகளைச் சுரண்டினார். நன்றாகக் காய்ந்துபோன பசை, லேசில் வரவில்லை. அவர் நகக்கண்ணில் ரத்தம் வந்தது.

மறுநாள் பகலில் ஒரு பெண் போன் செய்தாள். ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏதோ வண்டி இடித்து, தெருவில் கிடந்த ஒரு மொட்டைக் கிழவியை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். பெயர் தெரியாதவர் என்று எழுதியிருக்கிறதாம். இடுப்பெலும்பு முறிந்த வலியிலும் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை போட்டாராம்.

அது செல்லியம்மாதான்.

மூன்று வாரம் கழித்து அண்ணன் நகரிக்குப் புறப்பட்டார். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது, என்னையும் வரச் சொன்னார். மோகன்ராஜ் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு வந்தார். அம்மா உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார். இனி எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"வியாழக்கெழமையே கெடைச்சிருப்பாங்க மோகன்ராஜு. ஸ்டேஷன்கிட்ட இட்லிக் கடையில மூணு நாளு இருந்தாங்க. நான் அழுவறாங்கன்னு எழுதினதாலதான் அந்தப் பொம்பளை வேற யாரோன்னு நெனைச்சிட்டா. அழத் தெரியாதுன்னு நீ சொன்னதைக் கேட்டும் மாத்தி எழுதினேன். ஜனங்க நிக்கணும்னு."

பஞ்சுத்தூசி மோகன்ராஜின் புருவத்தில் படிந்திருந்தது. அவர் கத்துவார் என்று நான் நினைத்தேன். கத்தியிருந்தால் அண்ணனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான்தான படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கன்னேன்" என்றார் மோகன்ராஜ். "எங்கம்மா அழாதுன்னு எனக்குத் தெரியாதாண்ணா? சின்ன வயசிலேர்ந்து அது என்னைத் திட்டித்தான் கேட்டிருக்கேன். அன்னிக்கு அதைப் படிச்சப்போ, எங்கேயோ ரோட்டுல நின்னுக்கினு எனக்காக அழுதுக்கினு இருக்குன்னு தோணுச்சு. நெஜம் இல்லன்னு தெரிஞ்சும், அது மனசுக்கு... எடுக்கச் சொல்ல எனக்கு மனசு வரலண்ணா."

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அந்தப் பழைய நோட்டீஸ் அன்று காலையில்கூட வந்திருந்தது. திருத்தணியிலிருந்து அவருடைய சித்தி யாரோ அனுப்பியிருக்கிறார். செல்லியம்மா கிடைத்தது சித்திக்குத் தெரியும். இருந்தாலும் அனுப்பியிருக்கிறார்.

அண்ணன் சுவரில் கைவைத்து நின்றார்.

உள்ளே இருந்து செல்லியம்மா குரல் கொடுத்தார். ஒருபக்கமாகவே படுத்துப் படுத்து வலிக்கிறது, திருப்பிப் படுக்கவைக்க எல்லாரும் செத்தா போனீர்கள் என்று. மோகன்ராஜ் உள்ளே போனார். அண்ணனும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போனார். ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்து மெதுவாகத் திருப்பினார்கள். முதுகில் புண் வரக்கூடாது என்று மோகன்ராஜ் பவுடர் போட்டார். அவர் போட்டு முடிக்கும்வரை அண்ணன் அந்த அம்மாவின் எடையைத் தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்தார்.