சப்பரம் சுமந்த தோள்

போன சித்திரையில், எங்கள் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில், சப்பரம் தெரு முக்கில் திரும்பும்போது என் வலது தோள் கைவிட்டது. சுமந்த தண்டு சரிந்தது. மேலே அம்மன். பின்னால் வந்த சுடலை அண்ணன் பாய்ந்து தோள் கொடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

தப்பு என்னுடையதுதான். கொடைக்கு முன்பே எட்டு மாதமாக அந்தத் தோளில் வலி. சப்பரம் தூக்குகிறவன் வலி என்று வாய் திறந்தால் கேலிதான் மிஞ்சும். "தண்டு ஏறுனா வலி இறங்கிரும்லே" என்பார்கள். நானும் நம்பினேன். அம்மனைச் சுமக்கிற தோளை டாக்டரிடம் காட்டுவது அவளை நம்பாத மாதிரி என்று வீம்பாக இருந்தேன்.

கொடை முடிந்து எண்ணெய் தேய்க்கும்போது என் மனைவி செல்விதான் தோள்பட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இங்கன சதையே இல்ல. குழியா கெடக்கு."

மறுநாளே பாளையங்கோட்டைக்கு இழுத்துப்போனாள். ஸ்கேனில் தெரிந்துவிட்டது. மூட்டை ஒட்டி ஒரு நீர்க்கட்டி, நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் சதை வற்றியிருக்கிறது. டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை.

"கட்டிய எடுத்துரலாம். நரம்பு பிழைக்குமான்னு போகப்போகத்தான் தெரியும்."

நான் பெயிண்டர். வலது கை போனால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது அம்மனை நினைத்துக்கொண்டேன். இனி உன்னைச் சுமக்க முடியாவிட்டாலும் சரி தாயே, உழைக்க இந்தக் கையை மட்டும் கொடு என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

சின்னத் துளை போட்டுக் கட்டியை எடுத்தார்கள். சில வாரம் கையைக் கழுத்தோடு கட்டிப் போட்டிருந்தேன். பிறகு பயிற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, டாக்டரின் கையை வெளிப்பக்கம் தள்ள வேண்டும். ஆவணி போனது, ஐப்பசியும் போனது. அவர் கை அசையவே இல்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. செல்விக்கு விடவில்லை, தினமும் கோவிலுக்குப் போய் வந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் தள்ளினேன். அவர் கை நகர்ந்தது. இன்னும் தள்ளச் சொன்னார். தள்ளினேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது ரோலர் பிடித்து வேலை செய்கிறேன். சப்பரம் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தச் சித்திரையில் முதல்முறையாக ரோட்டோரம் நின்றேன். பதினெட்டு வருடம் அடியில் நடந்தவனுக்கு முன்னால் போகிறவன் குதிகால்தான் தெரியும். அம்மன் நேரே என்னைப் பார்த்து வருவதை அன்றுதான் கண்டேன். இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டன.

சுமக்கிற சொந்தங்களே, வலியை அவளிடம் மறைக்காதீர்கள், டாக்டரிடமும் மறைக்காதீர்கள். நம்பிக் கேளுங்கள். என்னைக் கைவிடாதவள் உங்களையும் விடமாட்டாள்.