செத்த நேரம்

அந்த வார்டில் கால் மணிக்கு ஒருமுறை கதவுக் கண்ணாடியில் ஒரு முகம் தெரியும். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்து, அட்டையில் டிக் அடித்துவிட்டுப் போகும். லண்டனுக்கு வந்த இரண்டாம் வருடம், தொண்ணூறுகளின் தொடக்கம். பிரசவமாகி ஆறு வாரத்தில் தூக்கம் போய், குழந்தையைத் தொடவே பயந்து, மனநல மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். முதல் நாளே பெட்டியைக் கொட்டிப் பார்த்து, பாவாடை நாடாவை உருவி வாங்கிக்கொண்டார்கள். நாடா இல்லாமல் சேலை எதில் நிற்கும் என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. ஊக்கு குத்தலாமென்றால் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆத்திரத்தில் அழுதேன், அழுததையும் எழுதிக்கொண்டார்கள்.

கட்டிப்போடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எண்பதுகளில் ராஜபாளையத்தில் என் அக்காவுக்கு இப்படி வந்தபோது, "ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை வீட்டுக்குப் போயிருக்கா" என்று தெருவில் சொன்னோம். போனது உண்மைதான். பின்கட்டு அறையில் பூட்டி வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான்; நான் போனதோ ஒரே தடவை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, "என்னையும் கூட்டிட்டுப் போட்டி" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வந்துவிட்டேன். இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

இங்கே யாரும் கட்டவில்லை. நர்ஸ் முன்னால் மாத்திரையை விழுங்கி நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். பகலில் வட்டமாக உட்கார்ந்து பேசச் சொல்வார்கள். மூன்றாம் வாரம், என்னைக் குழந்தையிடம் அனுப்பலாமா என்று முடிவு செய்யக் கூடினார்கள். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் போனில் இருந்தார். கேள்விக்கு மேல் கேள்வி. களைத்துப்போய், "செத்த கிடந்தா எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றேன். எங்கள் ஊரில் 'செத்த' என்றால் கொஞ்ச நேரம். அந்தப் பெண் தயங்கி, மெதுவாக எதையோ சொன்னார். டாக்டரின் பேனா நின்றது. இன்னும் பத்து நாள் என்றார்கள். கால் மணிக்கு ஒருமுறை தெரிந்த முகம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெரிந்தது.

ஏனென்று எனக்கு விளங்கவே இல்லை. பார்க்க வந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். மறுநாள் அந்தப் பெண் போனில் வந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, செத்துக் கிடந்தா எண்டுதான் எனக்குக் கேட்டது" என்றார். அவரைக் கோபிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் விட்டார்கள்.

வீடு திரும்பிய வாரம் அம்மா ராஜபாளையம் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெருவில் சொல்லியிருந்தது எனக்கு டைபாய்டு என்று.

"ஏட்டி, காய்ச்ச விட்டுருச்சா?" என்று பூத்துக்கு வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கக் கத்தினாள்.

"விட்டுருச்சும்மா."

பிறகு குரலைத் தணித்து, "தூங்குறியாட்டி?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. "வெளிய ஆள் நிக்கி, வச்சிருதேன்" என்றாள். ராஜபாளையத்தில் எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. லண்டனில், மடியில் குழந்தையோடு, அன்றைய இரண்டாவது மாத்திரையை விழுங்கினேன்.