காருக்குக் காய்ச்சல் பார்க்கும் கலைவாணன்

பானெட் மேல் இடது உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்கிறார் கலைவாணன். இந்த நேரத்தில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். வண்டிக்காரர் பொறுமையிழந்து செருமினால் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "காய்ச்சல் பாக்குறேங்க. டாக்டருகிட்டயும் இப்படித்தான் அவசரப்படுவீங்களா?" என்பார்.

கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் சாலையில், ஒரு வேப்பமரமும் அதை ஒட்டிய தகரக் கொட்டகையும்தான் அவருடைய பட்டறை. வயது ஐம்பது. ரேடியேட்டர், ஃபேன், தண்ணீர் பம்ப், ரப்பர் குழாய் இவை தவிர காரில் வேறு எதையும் தொட மாட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால், "அது கால் வைத்தியம். நான் காய்ச்சலுக்கு மட்டுந்தான்" என்று அடுத்த பட்டறைக்குக் கைகாட்டிவிடுவார்.

வருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "நின்னா சூடாவுதா, ஓடுனா சூடாவுதா?" பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் வரும். "நம்ம ஊரு தண்ணிய ஊத்துனா உள்ள உப்பளந்தான் போடணும்!" சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க யாரையும் விட மாட்டார். டீயைக்கூட ஆற வைத்து, மேலே ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் கிறிஸ்தின் மதாமின் கார் நான்கு மாதம் ஆட்டி வைத்தது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் இங்கே அம்மாவுக்கு 'மதாம்', ஐயாவுக்கு 'முசே'. மதாமுக்கு அறுபத்திரண்டு வயது. கோட்டுச்சேரியில் தனியாக இருக்கிறார். கணவர் இறந்து பன்னிரண்டு வருடம். மகன் பிரான்சில். அவரிடம் இருந்தது முப்பது வயதான ஒரு பச்சைக் கார். பொங்கல் சமயத்தில் அதன் ஃபேன் மோட்டார் எரிந்துபோக, கலைவாணன் புதிது மாட்டிக் கொடுத்தார். அதிலிருந்து வண்டி கடைத்தெருவில் நின்றால் போதும், சூட்டு முள் ஏறத் தொடங்கியது. கலைவாணன் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். முள் அசையவில்லை, அதாவது இறங்கவில்லை.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக்கொண்டு அந்தக் கார் வந்து நின்றது. அந்த வெயிலில் ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்து ஓட்டி வந்திருந்தார் மதாம். எஞ்சின் சூட்டை ஹீட்டர் வழியாக உள்ளே வாங்கிக்கொண்டால் முள் கொஞ்சம் இறங்கும் என்று சொல்லிக் கொடுத்ததே கலைவாணன்தான். முகத்துப் பவுடர் முழுவதும் கழுத்துக்கு வந்திருந்தது.

"தம்பி, கல்யாணப் பொண்ண இட்டிலி மாதிரி அவிச்சுட்டீங்களே!"

கலைவாணனுக்குப் புரியவில்லை. மதாம் கைப்பையிலிருந்து ஒரு அழைப்பிதழை எடுத்து நீட்டினார். சனிக்கிழமை திருமணம். மாப்பிள்ளை, மனைவியை இழந்த மர்செல் முசே. பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிறவர், அறுபத்தாறு வயது.

"இன்னொருத்தர்கிட்ட காட்டுனேன். ஹெட் கேஸ்கட் போச்சு, எஞ்சின எறக்கணும், பத்து நாளாவுங்கிறாரு. மகன் டாக்சி வச்சுக்கங்கிறான்."

"டாக்சியில போனாத்தான் என்ன மதாம்?"

"மொத கல்யாணத்துல பின்சீட்டுல தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போனேன். எந்தத் தெருவுல திரும்புனோம்னுகூடத் தெரியாது. இந்தத் தடவ நானே ஓட்டிக்கிட்டுப் போயி, மர்செல அவரு வீட்டு வாசல்ல ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டேன். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. என் கார் ஹாரன் மட்டும் நல்லாத் தெரியும்."

கலைவாணன் அழைப்பிதழைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார்.

இரண்டு மணி நேரம் எஞ்சினை ஆறவிட்டார். மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீரையே உற்றுப் பார்த்தார். குமிழி வரவில்லை. எஞ்சின் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. "கேஸ்கட் நல்லாருக்கு மதாம். எஞ்சின எறக்கச் சொன்னவரு வாயில சக்கரையப் போடக் கூடாது!"

எஞ்சின் சூடேறியது. ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது. ஆனாலும் முள் ஏறியது. கலைவாணன் தலையைச் சொறிந்தார். தண்ணீர் ஓடுகிறது, அடைப்பில்லை, ஃபேன் சுற்றுகிறது. இந்தக் காய்ச்சல் எப்போது தொடங்கியது? ஃபேன் மோட்டார் மாற்றிய அன்றிலிருந்து. மாற்றிய கை யாருடையது?

சட்டைப் பையிலிருந்த அழைப்பிதழை எடுத்துக் காரின் முன்பக்கக் கம்பிச் சல்லடைமேல் வைத்தார். ஃபேன் இழுக்கிற இழுப்பில் அது அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. படபடவென்று அடித்து, பறந்து போய் மதாமின் காலடியில் விழுந்தது.

கலைவாணனே மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டியிருக்கிறார். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, எஞ்சினின் வெப்பத்தையே ரேடியேட்டர் மேல் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு நிமிட வேலை. சத்தமில்லாமல் ஒயரை மாற்றிவிட்டு, 'சின்ன கோளாறுதான்' என்று சொல்லிவிடலாம். மதாம் முந்தானையால் விசிறிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கலைவாணன் எதிரில் போய் நின்றார்.

"மதாம், தப்பு என்னுது. பொங்கலப்ப ஒயர மாத்தி மாட்டிட்டேன். உறிஞ்ச வேண்டிய ஃபேன் ஊதிக்கிட்டு இருக்கு. நாலு மாசமா வண்டியச் சந்தேகப்பட்டேன். என் கையச் சந்தேகப்படல."

மதாமின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று கலைவாணன் பதறினார். அது சிரிப்பு. "அப்ப நாலு மாசமா நான் வெந்தது உங்களாலதானா!" என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மெர்சி தம்பி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். "எஞ்சின் பொழச்சுதே, அது போதும். சனிக்கிழம வீட்டம்மாவக் கூட்டிக்கிட்டு வந்துடணும்."

ஒயரை மாற்றினார். அழைப்பிதழைத் திரும்ப வைத்தார். கோந்து தடவியதுபோல் ஒட்டிக்கொண்டது. இருவரும் மண்டபத்தூர்வரை போய்த் திரும்பினார்கள். வந்து நின்று அரை மணி நேரம் எஞ்சின் ஓடியது. முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. கலைவாணன் அன்று மத்தியானச் சோற்றைச் சாயங்காலம்தான் சாப்பிட்டார்; இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை, வெள்ளைப் பட்டுப்புடவையில் மதாம் ஓட்ட, பக்கத்து இருக்கையில் கோட்டும் டையுமாக மர்செல் முசே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, கார் காரைக்காலுக்குள் நுழைந்தது. கலைவாணனும் அவர் மனைவி இளவேனிலும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார்கள். கடைத்தெருவில் ஒரு லாரி மூட்டை இறக்க, பத்து நிமிடம் எல்லா வண்டிகளும் நின்றன. கலைவாணன் கழுத்தை நீட்டி நீட்டிக் காரையே பார்த்தார்.

"கல்யாணத்துக்கு வந்தீங்களா, காருக்கு வந்தீங்களா?" என்றார் இளவேனில்.

லாரி நகர்ந்தது. புகையுமில்லை, ஆவியுமில்லை. கார் கிளம்பியது.

பூசை முடிந்து மணமக்கள் மாதா கோயில் வாசலுக்கு வந்தபோது உறவினர்கள் கூச்சலிட்டுக்கொண்டு பூ தூவினார்கள். அதற்குள் யாரோ ஆசையாகக் காரின் முன்பக்கம் முழுவதும் மறையும்படி ஒரு சாமந்தி மாலையைக் கட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, கலைவாணன் காரின் முன்னால் குந்தி, ஒரு பூவும் உதிராமல் அந்த மாலையை அவிழ்த்து, காற்றுக்கு வழிவிட்டு, கூரை மேல் கட்டினார்.