முட்டிப் படம் எடுத்த அம்மா

ஆர்.எஸ்.புரத்தில் முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனேன். படம் எடுக்கும் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். யாரையும் கைபிடித்து மேசையில் ஏற்ற மாட்டார். இரண்டு படியுள்ள மரமேடையைக் காட்டிவிட்டு, ஏறுகிறவரின் கால்களையே பார்ப்பார்.

நானும் வீரமாக ஏறினேன்.

“ஏனுங்க, சீட்டுல வலதுன்னு இருக்குது. உங்களுக்கு நோவு எடது கால்லதானுங்களே?”

“எப்படிங்க தெரியும்?”

“நோவுற காலை ஊனி ஆருங்க ஏறுவாங்க? நீங்க வலதை ஊனித்தானுங்க ஏறுனீங்க.”

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகு முட்டியில் ஊசி போடலாம் என்று சீட்டு எழுதும்போதே சொல்லியிருந்தார் டாக்டர். ஊசி என்றதுமே எனக்குச் சோற்றுக்கை எதுவென்று மறந்துபோய், எந்தக் கால் என்று கேட்டவரிடம் “வலது காலுங்க” என்று உளறியது நான்தான். அதை அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்காமல் போனை எடுத்தார்.

“டாக்டருங்களா? சீட்டுல காலு மாறிப்போச்சுங்க. எடதை எடுத்துப்போடட்டுங்களா?”

மாற்றியது யார் என்று அவர் சொல்லவே இல்லை. முட்டியை மடக்கவைத்துப் பொறுமையாகப் படமெடுத்தார். இடது முட்டிச் சில்லு தன் பள்ளத்தை விட்டு ஒதுங்கியிருந்தது.

படத்தோடு திரும்பிப் போனபோது, சீட்டில் கால் மாறியது தன் தவறென்று நினைத்து டாக்டர் என்னிடம் வருத்தம் தெரிவித்தார். நானும் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன். அந்த அம்மா பக்கத்தில் இருந்திருந்தால், அப்போதும் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.